கேள்வி–பதில்: ‘உலகத்திலேயே பத்துதான்’ என்று விற்கப்படும் துப்பாக்கிகள்

பழம்பொருள்களின் அசலும் போலியும் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்தப் பகுதிக்கு, இம்முறை நீலகிரியிலிருந்து மட்டும் ஆறு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆறும் துப்பாக்கிகளைப் பற்றியவை என்பதில் வியப்பில்லை. வெலிங்டனில் படை முகாம், அருவங்காட்டில் நூறாண்டு கடந்த வெடிமருந்துத் தொழிற்சாலை, தோட்டந்தோறும் துரைமார் விட்டுப்போன பங்களாக்கள், 1877 முதல் வேட்டைக்கென்றே சங்கம் வைத்திருந்த மலை. இங்கே ஒரு துப்பாக்கியைக் காட்டி எந்தக் கதையைச் சொன்னாலும் கேட்பவர் பாதி நம்பிவிடுகிறார். மீதிப் பாதியைத் தரகர் பார்த்துக்கொள்கிறார்.

கோத்தகிரி வாசகர்: என் தாத்தா இங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் ரைட்டராக இருந்தவர். அந்தத் தோட்டத்துத் துரை விட்டுச்சென்றது என்று சொல்லி, ஒரு தரகர் குட்டையான .303 ரைஃபிள் ஒன்றின் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பர்மா போர்முனைக்காகத் தனியாக மாற்றியமைத்த ‘ஜங்கிள் கார்பைன்’ என்றும், உலகத்திலேயே பத்துதான் மிச்சம் என்றும் சொல்லி நான்கு லட்சம் கேட்கிறார். ஆறு படங்களையும் இணைத்திருக்கிறேன். இது அசல்தானா?

அசல் அல்ல. ஆனால் அதற்கு முன்பே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அசலாகவே இருந்தாலும் அதை நீங்கள் வாங்க முடியாது. படையினர் பயன்படுத்தும் .303 தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள்கள் நம் ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட கணையளவைச் (குழலின் உட்துளை அளவு, ஆங்கிலத்தில் ‘போர்’) சேர்ந்தவை. தோட்டக் காவலுக்கோ தற்காப்புக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வாங்கும் வழக்கமான லைசென்ஸில் அவை வரமாட்டா. அந்தத் தரகரிடமிருந்து அதைக் கையில் வாங்கிய நிமிடமே நீங்கள் குற்றம் செய்தவராகிவிடுவீர்கள். துரையின் பெயரும் தாத்தாவின் பெயரும் அங்கே துணைக்கு வரமாட்டா.

இனி துப்பாக்கிக்கு வருவோம். ‘ஜங்கிள் கார்பைன்’ என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற ஆயுதத்தின் முறையான பெயர் ரைஃபிள் நம்பர் 5 மார்க் 1. அது 1944-இல் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் இரண்டே இடங்களில், அதாவது ஃபசாக்கர்லி அரசுத் தொழிற்சாலையிலும் ஷர்லியிலிருந்த பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) தொழிற்சாலையிலும், செய்யப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் செய்தார்கள். இரண்டரை லட்சத்தில் பத்துதான் மிஞ்சியது என்பவர், மற்றவை எங்கே போயின என்றும் சொல்ல வேண்டுமல்லவா?

உங்கள் மூன்றாவது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிபார்க்கும் பின்காட்டி, குழலின் மேல், மரத்துக்கு நடுவில் நிற்கிறது. நம்பர் 5 ரைஃபிளில் அது அங்கே இருக்காது. சுடுபவரின் கண்ணுக்கு அருகே, போல்ட் ஓடும் இரும்புடலின் பின்கோடியில், நடுவே துளையுள்ள தகடாக இருக்கும். பின்காட்டி குழலின் மேல் இருப்பது பழைய நம்பர் 1 மார்க் 3 வகை. அந்த ஒரு படத்தோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஐந்தாவது படத்தையும் விட மனம் வரவில்லை. அடிக்கட்டை வந்து பொருந்தும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில் கிரீடமும், அதன் கீழ் ஈஷாப்பூர் என்ற பெயரும், 1942 என்ற ஆண்டும் தெளிவாகத் தெரிகின்றன. வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலை அந்த ஆண்டுகளில் செய்துவந்தது நம்பர் 1 வகையைத்தான். நம்பர் 5 பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே ஈஷாப்பூரில் பிறந்த நம்பர் 5 என்று உலகில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியானால் அது என்ன? ஒரு நல்ல, சாதாரணமான, கோடிக்கணக்கில் புழங்கிய குடும்பத்தைச் சேர்ந்த ரைஃபிளின் குழலை யாரோ அறுத்து, முன்மரத்தைக் குறைத்து, குழல் வாயில் புனல் போன்ற சுவாலை மறைப்பு ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அசல் நம்பர் 5-இல் அந்தப் புனலும் முன்காட்டியும் பயனெட் மாட்டும் முளையும் ஒரே துண்டாக இருக்கும். எடையைக் குறைப்பதற்காகக் குழலின் தடித்த அடிப்பகுதியிலும் இரும்புடலிலும் இரும்பைச் சீவி எடுத்திருப்பார்கள். மரத்தைக் கழற்றிப் பார்த்தால் பள்ளம் பள்ளமாக அந்தச் சீவல்கள் தெரியும். அதனால்தான் அது மூன்றேகால் கிலோவுக்குள் நிற்கிறது. பழைய ரைஃபிள் நான்கு கிலோவைத் தொடும். போலி செய்பவர் குழலை அறுப்பாரே தவிர, வெளியே தெரியாத இடத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து இரும்பைச் சீவமாட்டார். இந்த வெட்டுவேலை நம் ஊர்க் கண்டுபிடிப்பும் அல்ல. போர் முடிந்த பிறகு கழிவுவிலைக்கு வாங்கிய பழைய ரைஃபிள்களை அமெரிக்க வணிகர்கள் இப்படியே குட்டையாக்கி, இதே பெயரைச் சூட்டி, தபாலில் விற்றார்கள். அங்கே அது வணிகம். இங்கே லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறுக்குவதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றம்.

எனக்கு இதில் உறுத்துவது ‘மாற்றியமைத்தது’ என்ற அந்த ஒரு சொல்தான். சாதாரண ரைஃபிளில் ஒரு பாகம் குறைந்தால் அது குறை. ‘தனியாக மாற்றியமைத்த’ ரைஃபிளில் அதே குறை சிறப்பாகிவிடுகிறது. எண் பொருந்தவில்லையா, மாற்றியபோது மாறியது. முத்திரை இல்லையா, ரகசியப் பணி. இப்படி எதற்கும் பதில் வைத்திருக்கும் பொருளைக் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். எந்தப் படையும் ஒரு துப்பாக்கியை மட்டும் யாரோ ஒரு கேப்டனின் ஆசைக்காக மாற்றிவிட்டு மறந்துவிடுவதில்லை. மாதிரி ஒன்றுக்கு ஒப்புதல் வாங்கி, வரைபடம் போட்டு, ஆயிரக்கணக்கில் மாற்றி, ஒவ்வொன்றின் மேலும் சோதித்தவரின் முத்திரையைக் குத்தித்தான் வெளியே அனுப்பும். உண்மையான மாற்றத்துக்குச் சாதாரண துப்பாக்கியைவிட அதிகமாகவே எழுத்து இருக்கும்.

வெலிங்டன் வாசகர், ஓய்வுபெற்ற ஹவில்தார்: நான் பார்த்த இரண்டு துப்பாக்கிகளைப் பற்றித் தங்கள் கருத்து வேண்டும். ஒன்றில் முன்மரத்தைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி சுற்றியிருக்கிறது. இன்னொன்றில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை அடைத்திருக்கிறது. குழலுக்குள் மரையும் (குண்டைச் சுழலவைக்கும் சுருள்பள்ளம்) இல்லை. இரண்டும் சோதனைக்காக ஒன்றிரண்டு மட்டுமே செய்யப்பட்டவை என்று சொல்கிறார்கள்.

ஐயா, இரண்டும் உண்மையான படைத்துறை மாற்றங்கள்தாம். ஒன்றிரண்டு என்பதுதான் பொய்.

கம்பி சுற்றியது கையெறி குண்டு வீசுவதற்கான ரைஃபிள். குழல் வாயில் கிண்ணம் ஒன்றை மாட்டி, நீங்கள் நன்றாக அறிந்த 36 எண் குண்டை அதில் வைத்து, முனைக்குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவால் உந்துவார்கள். அந்த உதைப்பில் மரம் பிளக்காமலும், குழல் வெடித்தால் சுடுபவரின் கையைப் பதம்பார்க்காமலும் இருக்கவே அந்தக் கம்பிக்கட்டு. இந்தியாவில் இத்தகையவை தாராளமாகவே இருந்தன. கம்பியின் சுற்றுகள் ஒரே சீராக, இடைவெளியின்றி, ஈயப்பற்று வைத்து இறுகியிருந்தால் பணிமனை வேலை. வேலிக்குக் கட்டியதுபோல் இருந்தால் அது வேலி கட்டியவரின் வேலை.

மரக்கட்டை அடைத்தது .410 மஸ்கட். .303 ரைஃபிளின் மரையை அகற்றி, வழுவழுப்பான குழலாக்கி, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடும்படி மேகசினை மரத்தால் அடைத்து, காவலர்களுக்கும் பாராக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். கூட்டத்தைக் கலைக்க இது போதும். பறிபோனாலும் படைத் தோட்டாவை அதில் போட்டுச் சுட முடியாது என்பது ஆள்வோரின் கணக்கு. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டு ரைஃபிளையே மரையின்றிச் செய்து கொடுத்ததும் இதே கணக்கில்தான். நம் நாட்டுத் துப்பாக்கி வரலாற்றில் உண்மையிலேயே சுவையான மாற்றங்கள் இவை. இவற்றுக்குப் பொய்க்கதை தேவையே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: .410 என்றதும் சிறிய ஷாட்கன் என்று எண்ணிவிடக்கூடாது. .410 மஸ்கட்டும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது.

அருவங்காடு வாசகர்: துப்பாக்கியோடு துரை கையெழுத்திட்ட கடிதமும் தருவதாகச் சொல்கிறார்கள். 1946-ஆம் ஆண்டுக் கடிதம். நகலை இணைத்துள்ளேன். இது போதுமான சான்றுதானே?

கடிதத்தின் தலைப்பில் தோட்டத்தின் முகவரிக்குக் கீழே 643 என்று தொடங்கும் ஆறிலக்கப் பின்கோடு அச்சாகியிருக்கிறது. பின்கோடு முறை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று.

குன்னூர் வாசகர்: இங்கே ஒரு பழம்பொருள் கடையில் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கும்பினியின் சிங்க முத்திரையும் 1799 என்ற ஆண்டும் விசைத்தகட்டில் உள்ளன. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையில் இருந்து, பிறகு மலைக்கு வந்து, இங்கேயே மாற்றியமைக்கப்பட்டது என்கிறார் கடைக்காரர். அவர் படித்தவர், பொய் சொல்பவராகத் தெரியவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நானும் சொல்லவில்லை. அவரிடம் விற்றவர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லலாம். ஆனால் அந்தத் தகட்டில் உள்ள இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. கிழக்கிந்தியக் கும்பினி தன் துப்பாக்கிகளில் தொடக்கத்தில் குத்திவந்தது இதய வடிவத்துக்குள் எழுத்துகளைக் கொண்ட வணிக முத்திரை. பின்னங்கால்களில் நின்று கிரீடத்தை ஏந்தும் சிங்கம் 1808-இல்தான் வந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்தது 1799 மே 4. அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிங்கம் பொறித்த கும்பினித் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய், ஒன்பது ஆண்டு முன்கூட்டியே அதை வாங்கியிருக்க வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் ஆண்டில்தான் சறுக்குகிறார்கள், ஏனென்றால் வாங்குபவருக்குத் தெரிந்த ஆண்டையே அவர்கள் பொறிக்க வேண்டியிருக்கிறது. வடமேற்கு எல்லைப்புறக் கைவினைஞர்கள் செய்த மார்ட்டினி–ஹென்றி (விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் படை ரைஃபிள்) நகல்களில் இதைவிட வேடிக்கை உண்டு: விக்டோரியா ராணியின் ‘வி.ஆர்.’ முத்திரைக்குக் கீழே, அவர் 1901 ஜனவரியில் இறந்ததற்குப் பின்னான ஆண்டு பொறித்திருக்கும். என்ஃபீல்டு என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி நிற்கும். எழுத்தறியாத கை எழுத்தைப் படமாகப் பார்த்துச் செதுக்கியதன் அடையாளம் அது.

‘மாற்றியமைத்தது’ என்பதையும் சற்று எதிர்த்திசையில் பார்க்க வேண்டும். 1840-களில் சக்கிமுக்கி முறை போய்க் கேப்பு வைத்து அடிக்கும் முறை வந்தபோது, ஏராளமான பழைய துப்பாக்கிகள் உண்மையாகவே மாற்றப்பட்டன. இன்றைய சந்தையில் சக்கிமுக்கிக்கு விலை கூடுதல் என்பதால், அப்படி மாறியவற்றை மீண்டும் சக்கிமுக்கியாக்கி விற்கிறார்கள். நீங்கள் பார்த்தது அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். குழலின் பக்கவாட்டில், தீ உள்ளே செல்லும் சிறு துளைக்கு அருகே, வேறு நிற இரும்பால் அடைத்த வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டீர்கள். ஆயுதப் பணிமனையில் ஆர்மரராக நான் இருந்த காலத்தில் என் மூத்தவர் கற்றுக்கொடுத்த முறை ஒன்றுண்டு. எழுத்தைப் படிப்பதற்கு முன் துருவைப் படிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மழையில், உங்கள் ஊரிலேயே ஒரு வீட்டு வரவேற்பறையில், எழுபது ஆண்டு சுவரில் தொங்கியது என்று சொல்லப்பட்ட ஒரு ரைஃபிளைப் பார்த்தேன். கைவிளக்கை நேராகப் பிடிக்காமல் இரும்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்துவரும். பூதக்கண்ணாடியில் எண்ணின் கடைசி இலக்கமான 7 தெரிந்தது. அதன் கால், அம்மைத்தழும்பு போன்ற ஒரு துருக்குழிக்குள் இறங்கி, குழியின் அடியில் பளிச்சென்ற கோடாக முடிந்தது. எண் முதலில் குத்தப்பட்டுத் துரு பின்னால் வந்திருந்தால், துரு அந்தக் காலைத் தின்றிருக்கும். இங்கே துரு முதலில் வந்து, எண் பின்னால் வந்து அதன் மேல் ஏறியிருக்கிறது. எண்ணைச் சுற்றி விரல் நகத்தால் தடவியபோது குத்திய வேகத்தில் பிதுங்கிய விளிம்பு இன்னும் கூராகவே தட்டுப்பட்டது. நூறு கைகள் துடைத்த இரும்பில் அந்தக் கூர்மை மிஞ்சாது.

பிறகு மரத்துக்கும் இரும்புக்கும் இடையிலான கோட்டைப் பார்த்தேன். ஜூனில் தொடங்கும் மழையும் குளிர்காலத்து மூடுபனியும் இந்த மலையில் எதையும் விட்டுவைப்பதில்லை; உண்மையில் எழுபது ஆண்டு தொங்கிய துப்பாக்கியில் மரத்தின் விளிம்பை ஒட்டி, துணி நுழையாத இடத்தில், ஒரு கோடாகத் துரு தின்றிருக்கும். அங்கே தின்றிருக்கவில்லை. மரம் மட்டும் பழைய செம்பழுப்பில் அழகாக இருந்தது. கைக்குட்டையின் நுனியை நனைத்து அடிக்கட்டையின் உள்மூலையில் தேய்த்ததும் நிறம் துணியில் ஏறியது. முகர்ந்து பார்த்தேன்; டிக்காஷன். தேயிலை விளையும் ஊரில் மரத்துக்கு வயதேற்ற வேறு சாயம் எதற்கு என்று நினைத்திருப்பார் போலும். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு தேநீர் கொண்டுவரச் சொன்னார். அதைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை.

நீங்களும் அந்த இரண்டு இடங்களைப் பாருங்கள்: எழுத்தின் மேல் துருவா, துருவின் மேல் எழுத்தா, மரத்தின் விளிம்பில் கோடு விழுந்திருக்கிறதா. கூடவே திருகாணிகளின் வெட்டுகள் மட்டும் பளபளக்கின்றனவா என்றும் கவனியுங்கள். தேய்த்துத் துடைக்க மட்டும் வேண்டாம். அசலாக இருந்தால் அதன் சாட்சியத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

கூடலூர் வாசகர்: தொலைநோக்கி மாட்டிய .303 ஸ்னைப்பர் ரைஃபிளில் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அசல் என்று கேள்விப்பட்டேன். சரியா?

ஓரெழுத்தை எவரும் குத்தலாம். நம்பர் 4 மார்க் 1 (டி) என்ற அந்த வகை, குறி தவறாமல் சுட்ட ரைஃபிள்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தில் மாற்றியமைக்கப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அசலில் ரைஃபிளின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்திலும், தொலைநோக்கியின் எண் அடிக்கட்டையின் கழுத்து மரத்திலும் குத்தப்பட்டிருக்கும். அடிக்கட்டையின் கீழ்ப்புறத்தில் ‘எஸ் 51’ என்ற நிறுவனக் குறியும் இருக்கும். ரைஃபிள் தொலைநோக்கியையும், தொலைநோக்கி ரைஃபிளையும் பெயர்சொல்லி அழைக்க வேண்டும். ஒன்று அழைத்து மற்றொன்று வாய்திறக்காவிட்டால் அவை வழியில் சந்தித்துக்கொண்டவை. இதுவும் தடைசெய்யப்பட்ட கணையளவே என்பதால், அருங்காட்சியகத்தில் பார்ப்பதற்கு இந்த அறிவு போதும்.

உதகை வாசகர்: பரணைச் சுத்தம் செய்தபோது, காலமான என் பெரியப்பாவின் துப்பாக்கி ஒன்று சாக்கில் சுற்றியபடி கிடைத்தது. துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. இதற்கான தோட்டாவும் இப்போது எங்கும் கிடைக்காது என்கிறார்கள். பழம்பொருள் என்று வைத்துக்கொள்ளலாமா?

வயதும் துருவும் தோட்டா கிடைக்காமையும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிப்பது, வழக்கொழிந்ததாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதானதாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதவற்றுக்கு மட்டுமே. ‘பழுதுபார்த்தாலும்’ என்ற அந்தச் சொல்லில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இறுகிய போல்ட்டை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தால் நகர்ந்துவிடும் என்றால் அது இன்னும் துப்பாக்கிதான். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், வாரிசு அதை 21-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு தன் பெயரில் லைசென்ஸ் கோரி விண்ணப்பிக்கலாம். பெரியப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் அதே பரணில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள். அதுவரை போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம், உள்ளே ஒரு தோட்டா இருந்தால் அதன் வயது உங்களுக்குத் தெரியாது. சாக்கோடு பேருந்தில் ஏறி நீங்களே கொண்டுபோகவும் வேண்டாம். காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.